எழுத்தறியாத கைகளும் உயிர் காக்கும்



"ஆஸ்பத்திரிக்கு ஒரு கருவி வாங்க வேண்டும் என்றால் காணிக்கை கொடுக்கலாம். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க எதற்குப் பணம்?" என்று அன்பர் ஒருவர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் எங்களுக்கும் அதே எண்ணம் இருந்தது. குழந்தைகள் வார்டில் கழிந்த ஓர் இரவு அதை மாற்றியது.

மூன்று நாளாக வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஒரு தாய் வந்தார். குழந்தையின் கண்கள் குழி விழுந்திருந்தன. நரம்பு கிடைக்காமல் டாக்டர்கள் போராடினார்கள். விடியுமுன் குழந்தை கண்ணை மூடிவிட்டது. ஆறுதல் சொல்லப் போன எங்களிடம் அந்தத் தாய், "தண்ணி குடுத்தா பேதி அதிகமாகும்னு சொன்னாங்க, ஒரு சொட்டுகூடக் குடுக்கலே ஐயா" என்று அழுதார்.

சுத்தமான தண்ணீர் 1 லிட்டர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. முதல் நாளே இதைக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கக்கூடும். எங்களிடம் கருவியும் இருந்தது, மருந்தும் இருந்தது. அந்தத் தெருவிலே இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. அதுவே குறை.

இந்தக் குறையை நிவிர்த்தி செய்ய வழிகாட்டியவர்கள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் ரஜனிகாந்த் ஆரோளே, டாக்டர் மேபல் ஆரோளே தம்பதியர். 1970-ல் மகாராஷ்டிரத்தின் வறட்சிப் பகுதியான ஜாம்கேடில் பணியைத் தொடங்கினார்கள். முதலில் பயிற்சி பெற்ற நர்சுகளைக் கிராமங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், அது வேரூன்றவில்லை. ஆகவே ஊராரே தங்களுக்குள் ஒரு பெண்ணைத் தெரிந்தெடுக்கும்படி செய்தார்கள். அப்படி வந்தவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். வாரந்தோறும் மையத்துக்கு வந்து ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். சாதிச் சுவர் அங்கேயே இடியத் தொடங்கியது. 1971-ல் அவ்வட்டாரத்தில் பிறந்த 1000 குழந்தைகளில் 176 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 1990-களில் அந்த எண்ணிக்கை 30-க்கும் கீழே இறங்கியது. 1979-ல் அத்தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது.

அப்பெண்கள் கற்பது என்ன? மருத்துவப் படிப்பின் சுருக்கத்தை அல்ல. எந்த நோய் அந்த ஊரில் உயிரை வாங்குகிறதோ, அதைக் காலத்தோடு கண்டுகொள்ளக் கற்கிறார்கள். இருமும் குழந்தையின் மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுவார்கள். 2 மாதம் முதல் 1 வயது வரை நிமிடத்துக்கு 50-ம், அதற்கு மேல் 5 வயது வரை 40-ம் எட்டினால் நிமோனியா என்று சந்தேகித்து அனுப்புவார்கள். எண்ணத் தெரியாதவர் மணி கோத்த கயிற்றில் ஒவ்வொரு மணியாகத் தள்ளக் கற்றுக்கொள்கிறார். 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவு. நிற நாடாவில் சிவப்பு தெரிந்தாலே போதும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துவந்து, காசநோய் என்றால் மாத்திரையை நடுவில் நிறுத்தாதபடி பார்த்துக்கொள்வார்கள்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர், பிறந்த சிசுக்களை வீட்டிலேயே கவனிக்கக் கிராமப் பெண்களைப் பழக்கினார்கள். அங்கே பச்சிளங்குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்தது என்ற ஆய்வு 1999-ல் வெளியானது. 2005-ல் தொடங்கிய அரசின் ஆஷா திட்டத்தில் இன்று ஏறக்குறைய 10 லட்சம் பெண்கள் நாடெங்கும் பணி செய்கிறார்கள்.

அப்படியானால் நமக்கு என்ன வேலை? ஒருமுறை பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டால் போதாது என்பதை அனுபவத்தில் கற்றோம். மருந்துப் பை காலியானால், அனுப்பிய நோயாளியை ஆஸ்பத்திரி அலட்சியம் செய்தால், ஊர் அவளை நம்பாது. மாதந்தோறும் கூடிவந்து கற்றதைத் திரும்பக் கற்கவும், மேற்பார்வைக்கு ஒரு நர்ஸ் பஸ் போகாத குக்கிராமங்களுக்கு ஜீப்பில் போகவும், அவள் அனுப்பும் நோயாளியை இரவிலும் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். உங்கள் காணிக்கை செல்வது இவற்றுக்கே. இது கட்டடத்தைப்போலக் கண்ணுக்குத் தெரியாது. கல்வெட்டில் பெயரும் வராது.

காலை முதல் மாலை வரை ஜனங்களை ஒருவனாக விசாரித்துக் களைத்துப்போன மோசேக்கு, பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஆட்களை ஏற்படுத்தும்படி எத்திரோ ஆலோசனை சொன்னதை நாம் அறிவோம். வெளிநோயாளர் பிரிவில் நீண்ட வரிசையைக் காணும்போதெல்லாம் அந்த ஆலோசனை எங்கள் நினைவுக்கு வருகிறது.

பிரியமானவர்களே, வரிசைக்கு வந்து சேரவே முடியாத குழந்தைகளும் உண்டு. அவர்கள் வாசலுக்குப் போகிற பெண்களையும், அவர்களைப் பழக்குகிற நர்சுகளையும் உங்கள் குடும்ப ஜெபத்தில் தாங்குங்கள். அன்று அந்தத் தாய்க்குச் சொல்ல எங்களிடம் ஆறுதல் மாத்திரமே இருந்தது. இன்னொரு தாய்க்காவது அது முதல் நாளிலேயே ஒரு தம்ளர் உப்பு சர்க்கரைத் தண்ணீராகப் போய்ச் சேரட்டும்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்