மலைவிளிம்பில் ஒரு விமானத் தளம்

நேபாள நாட்டில், எவரெஸ்ட் சிகரத்துக்குச் செல்லும் வழியிலே, லுக்லா என்னும் மலையூர் உள்ளது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,845 மீற்றர் மேலே அமைந்த அவ்வூரின் விமானத் தளம் 1964ஆம் ஆண்டில் தோன்றியது. 1953இல் எவரெஸ்டின் உச்சியை முதன்முதல் அடைந்த இருவருள் ஒருவராகிய எட்மண்ட் ஹிலரி, ஷெர்ப்பா மக்களுக்குப் பாடசாலைகளும் மருத்துவமனையும் அமைக்க முற்பட்டபோது, பொருள்களைக் கொண்டு சேர்க்க ஒரு தளம் வேண்டியதாயிற்று. சமதரையான விளைநிலத்தை விட்டுக்கொடுக்க உழவர்கள் இசையவில்லை என்பர். சரிவான நிலமே கிடைத்தது. அதனை இறுக்க உருளை இயந்திரம் ஏது? ஷெர்ப்பாக்கள் வரிசையாக நின்று, காலால் மிதித்து நடனமாடியே மண்ணைக் கெட்டிப்படுத்தினார்கள். 2001இல்தான் ஓடுபாதை தார் கண்டது.

அப்பாதையின் நீளம் 527 மீற்றர் மாத்திரமே. கீழ்முனையில் பள்ளத்தாக்கு ஆழ்ந்து கிடக்கிறது. மேல்முனையில் மலை எழுந்து நிற்கிறது. இரண்டுக்குமிடையே பாதை சுமார் 60 மீற்றர் மேலேறுகிறது. இறங்கும் விமானம் மேட்டை நோக்கியே இறங்கும். புறப்படும் விமானம் பள்ளத்தை நோக்கியே பாயும். ஏற்றம் விமானத்தின் வேகத்தைத் தணிக்கும் என்பது உண்மையே. எனினும், இறங்குவதில் தவறு நேர்ந்தால் மீண்டும் மேலெழுந்து வட்டமிடுவதற்கு மலை இடங்கொடாது. ஆதலால், இறங்குவதா திரும்புவதா என்பதை விமானி பள்ளத்தாக்கிலே தொலைவில் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

இம்முடிவைக் கடினமாக்குவது காற்று. ஞாயிறு ஏற ஏற மலைச்சரிவுகள் சூடேறுகின்றன. அங்குள்ள காற்று இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கின் கீழிருந்து காற்று புறப்படுகிறது. அது இறங்கும் விமானத்தின் முதுகிலே வீசும். எதிர்க்காற்று விமானத்தைத் தாங்கி நிறுத்தும். பின்காற்றோ தரைமேல் அதன் வேகத்தைக் கூட்டிவிடும். அன்றியும், அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்து அடர்த்தியில் முக்காற்பங்களவே. சிறகுகளுக்கு வேண்டிய தாங்கும் விசை கிடைக்க, விமானம் தாழ்நிலத்தில் இறங்குவதினும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூடிய வேகத்தில் வரவேண்டும். பாதையோ குறுகியது!

காற்று மலைப்பக்கமிருந்து வீசும்போது இடர் வேறு வகையானது. ஓடுபாதையின் விளிம்பைத் தாண்டிய காற்று, அணை கடந்த நீரைப்போலக் கீழே விழுந்து சுழல்கிறது. விமானம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னர், சக்கரங்களுக்கும் பாறை முகத்துக்கும் இடைவெளி மிகச் சிறிதாய் உள்ள அந்த இடத்திலேயே, அது விமானத்தைக் கீழே அழுத்துகிறது.

கண்ணும் அங்கே வஞ்சனை செய்யும். மேலேறிச் செல்லும் பாதையை முன்னால் காணும் விமானிக்குத் தாம் மிக உயரத்தில் வருவதாகத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பினால் தாழ்ந்துவிடுவார். தாழ்ந்தால் எதிரே நிற்பது பாதையன்று, அதன் கீழுள்ள பாறை.

2008 ஒக்டோபர் 8ஆம் நாள், இறங்க வந்த சிறு விமானமொன்றைக் கடைசி வேளையில் மூடுபனி சூழ்ந்துகொண்டது. பாதை கண்ணுக்குப் புலப்படவில்லை. விமானம் தாழ்ந்து, ஓடுபாதைக்குக் கீழே மோதி எரிந்தது. அதிலிருந்த 19 பேரில் 18 பேர் மாண்டனர். தலைமை விமானி ஒருவரே பிழைத்தார்.

இக்காரணங்களால் லுக்லாவின் பறப்புகள் பெரும்பாலும் காலை வேளையிலேயே நிகழ்கின்றன. மேகம் கலையாத நாட்களில் மலையேற வந்தோர் மூட்டை முடிச்சுகளுடன் நாட்கணக்கில் காத்திருப்பதுண்டு. அவர்களிற் சிலர் சினங்கொள்வர். ஊரார் அதனைப் பெரிதுபடுத்துவதில்லை.