பழைய சேலையில் இருந்து பத்மஸ்ரீ வரை!

பிறந்த குழந்தையைப் படுக்கவைக்க நம் வீடுகளில் புதுத்துணியைத் தேடுவதில்லை. துவைத்துத் துவைத்துப் பஞ்சுபோல் ஆகிவிட்ட பாட்டியின் நூல் சேலைதான் முதல் விரிப்பு. பீகார் கிராமங்களிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே ஒரு படி மேலே போய், பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாகத் தைத்து, மெத்தென்ற விரிப்பாக்கிவிடுவார்கள். அதன் பெயர் சுஜனி.

அடுப்படி வேலை முடிந்த மதிய நேரத்தில் பெண்கள் செய்துவந்த இந்தக் கைவேலைக்காக, 2025-ம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்றார் நிர்மலா தேவி. முசாஃபர்பூர் மாவட்டத்தின் புசுரா கிராமத்தைச் சேர்ந்தவர் இவர்.

கந்தலுக்கும் ஒரு தெய்வம்

சுஜனிக்குத் தேவை ஊசி, நூல், பழைய துணி. அவ்வளவுதான். முதலில் உருவத்தின் ஓரங்களைக் கறுப்பு, பழுப்பு போன்ற அடர்நிற நூலால் சங்கிலித் தையலில் எடுப்பார்கள். உள்ளே வண்ண நூல்களால் நிரப்புவார்கள். மீதி இடம் முழுக்க, துணியின் நிறத்திலேயே நுணுக்கமான ரன்னிங் தையல் ஓடும். அடுக்குகளைச் சேர்த்துப் பிடிப்பதும் துணிக்கு அலை அலையான அழகைத் தருவதும் இந்தத் தையல்தான்.

கிழிந்த துணிகளைச் சேர்த்துத் தைப்பதை அங்கே புனிதமாகவும் நினைக்கிறார்கள். கந்தல்களுக்கென்றே 'சித்திரியா மா' என்ற அம்மன் உண்டு.

1988-ல் வந்த திருப்பம்

வீட்டோடு இருந்த சுஜனி, காலப்போக்கில் மங்கத் தொடங்கியது. 1988-ல் பாட்னாவில் விஜி ஸ்ரீனிவாசன் தொடங்கிய 'அதிதி' தொண்டு நிறுவனம், புசுரா பெண்களின் கையில் மீண்டும் ஊசியைக் கொடுத்தது. அந்த முயற்சியில் ஊருக்குள் முன்னின்றவர் நிர்மலா தேவி. 'புசுரா மகிளா விகாஸ் சமிதி' என்ற அமைப்பின் மூலம் சுற்றுவட்டார கிராமங்களில் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு சுஜனி வருமானமானது. பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதே அரிதாக இருந்த ஊர்களில், இது சின்ன விஷயமல்ல.

விற்பனைக்கு என்றானதும் துணி மாறியது. பழைய சேலைக்குப் பதிலாக புதிய பருத்தியும் டஸ்ஸர் பட்டும் வந்தன. விரிப்பாக மட்டும் இருந்த சுஜனி, சேலையிலும் துப்பட்டாவிலும் சுவரில் மாட்டும் படங்களிலும் இடம்பிடித்தது.

அதைவிடப் பெரிய மாற்றம், தைத்த விஷயத்தில் நடந்தது. பூ, பறவை, மீன் என்று தைத்த கைகள், தங்கள் வாழ்க்கையையே தைக்க ஆரம்பித்தன. வரதட்சணைக் கொடுமை, பெண் சிசுக்கொலை, குடும்ப வன்முறை, பெண் குழந்தைகளின் படிப்பு... வாய்விட்டுச் சொல்லத் தயங்கியதெல்லாம் துணியில் படமானது. கைத்தொழில் கலையாக மாறிய இடம் இதுதான்.

1999-ல் கனடாவின் டொரன்டோ நகர ஜவுளி அருங்காட்சியகத்தில் பீகார் பெண்களின் சுஜனி காட்சிக்கு வைக்கப்பட்டது. பின்னர் புவிசார் குறியீடும் கிடைத்தது.

விலையைப் பார்க்கும்போது...

இத்தனை பெருமைக்குப் பிறகும் சுஜனிக்குச் சவால் குறையவில்லை. ஒரு பெரிய விரிப்பைக் கையால் தைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதேபோன்ற டிசைனை இயந்திரம் நிமிடங்களில் அச்சிட்டுத் தள்ளிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து விலை பேசும்போது, தோற்பது எப்போதும் கைதான். அடுத்தமுறை கைத்தையல் பொருள் வாங்கும்போது, துணியைத் திருப்பி உள்பக்கத்தையும் பாருங்கள். அங்கே தெரியும் ஒவ்வொரு தையலும் ஒரு பெண்ணின் நேரம்.

நீங்களும் தைக்கலாம்!

* சுத்தமான பருத்திச் சேலையையே எடுங்கள். நைலான், பாலியஸ்டர் வழுக்கும், வியர்வையையும் உறிஞ்சாது.

* துவைத்து, இஸ்திரி போட்டு, மூன்று அல்லது நான்கு மடிப்பாக அடுக்குங்கள். இற்றுப்போன பகுதி நடுவில் இருக்கட்டும்.

* சுருக்கம் விழாமல் இருக்க, முதலில் பெரிய பெரிய தையலாக ஓட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அந்த நூலை உருவிவிடலாம்.

* நடுவில் தொடங்கி ஓரத்துக்குத் தைத்து வாருங்கள்.

கடைசியாக ஒரு மூலையில் உங்கள் பெயரையும் ஆண்டையும் தைத்துவிடுங்கள். பாட்டிகள் தைத்த எத்தனையோ விரிப்புகளில் அது மட்டும்தான் இல்லாமல் போனது!