பழைய கம்ப்யூட்டரில் மின்னஞ்சல் திறவாமையும் அதற்குரிய பரிகாரங்களும்

நிலச்சுவான்தார்களுக்கும் கிராம அலுவலர்களுக்கும் மின்னஞ்சல் இக்காலத்தில் தபாலைப் போலவே இன்றியமையாததாகி விட்டது. உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கு வரும் நோட்டீசுகளும், பாங்கிக் கணக்கு விவரங்களும், பம்புசெட்டு வியாபாரிகளின் விலைப்பட்டியல்களும் இதன் வழியாகவே வந்து சேருகின்றன. ஆனால் அவற்றைத் திறந்து பார்க்கும் கம்ப்யூட்டரோ பல வீடுகளில் பழையது. மக்கள் படிப்பின் பொருட்டுப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியதாகவோ, 2011-ம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு அரசாங்கம் விலையின்றி வழங்கி வந்த மடிக் கம்ப்யூட்டராகவோ அது இருக்கும். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் அது இன்னமும் நன்றாகவே உழைக்கும். அப்படியிருக்க, ஒருநாள் திடீரென மின்னஞ்சல் மட்டும் திறக்க மறுக்கிறது.

அவ்வமயம் உடையவர் மனத்தில் முதலில் தோன்றுவது, தாம் கடவுச்சொல்லை மறந்துவிட்டோம் என்பதே. ஒன்றன்பின் ஒன்றாகப் பல சொற்களைப் போட்டுப் பார்க்கிறார். பிறகு கடவுச்சொல்லையே மாற்றுகிறார். மாற்றியதும் செல்லாமற் போகவே மறுபடியும் மாற்றுகிறார். இவ்வாறு அடுத்தடுத்து முயலுவதைக் காணும் மின்னஞ்சல் கம்பெனி, யாரோ அன்னியர் பூட்டை உடைக்க முயலுவதாகக் கருதிக் கணக்கைச் சில காலம் முடக்கி வைக்கிறது. கம்ப்யூட்டரில் இருந்த சிறு கோளாறு இப்படிக் கணக்கையே இழக்கும் ஆபத்தாக முடிகிறது. பழைய கம்ப்யூட்டரில் மின்னஞ்சல் திறவாமற் போவதற்குக் கடவுச்சொல்லைத் தவிர வேறு காரணங்கள் பல உண்டு என்பதையும், அவற்றை முதலில் ஆராய்வதே முறை என்பதையும் இத்தகையோர் அறிதல் வேண்டும்.

நெற்பயிர் மஞ்சளித்ததைக் கண்டவுடன் யூரியாவை அள்ளி வீசுவோர் உண்டு. மஞ்சள் அடியிலையில் தொடங்கிற்றா, குருத்திலையில் தொடங்கிற்றா என்று நோக்கினால், தழைச்சத்துக் குறைவா இரும்புச்சத்துக் குறைவா என்பது ஒருவாறு விளங்கும். அதுபோல் இங்கும், நோய் கணக்கில் உள்ளதா, கம்ப்யூட்டரில் உள்ளதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு எளிய சோதனை, அதே கணக்கை வேறொரு புதிய சாதனத்தில், உதாரணமாக ஒரு செல்போனில், திறந்து பார்ப்பது. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை. செல்போனிலுள்ள மின்னஞ்சல் செயலி முன்னரே உள்ளே நுழைந்திருப்பதால், கடவுச்சொல்லைக் கேளாமலே திறந்துவிடும். அதனால் ஒன்றும் நிரூபணமாகாது. செல்போனின் பிரௌசரில் இன்காக்னிடோ என்னும் தனிச் சாளரத்தைத் திறந்து, முகவரியையும் கடவுச்சொல்லையும் புதிதாக எழுதிப் பார்ப்பதே சரியான சோதனை. அங்கே திறந்தால் கடவுச்சொல் சரியானது. அதை மாற்றுவதால் யாதொரு பயனுமில்லை. குற்றம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று தெளியலாம்.

கம்ப்யூட்டரிலும் முதலில் பார்க்க வேண்டியது விசைப்பலகையே. கடவுச்சொல் எழுதுமிடத்தில் எழுத்துக்களுக்குப் பதிலாகப் புள்ளிகளே தெரிவதால், பிழை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தமிழ்99 முறையில் மனுவொன்றை எழுதிவிட்டு விசைப்பலகையை ஆங்கிலத்துக்குத் திருப்ப மறந்தவர்களின் கடவுச்சொல் தமிழெழுத்தாக விழுந்து தள்ளுபடியாவது உண்டு. பெரிய எழுத்துக்கான விசை அழுந்திக் கிடப்பதும் உண்டு. வெறும் நோட்பேடில் கடவுச்சொல்லை ஒருமுறை எழுதிப் பார்த்து உடனே அழித்துவிட்டால் சந்தேகம் தீரும்.

இனி, மிகுதியும் காணப்படுவதும், மிகுதியும் கவனிக்கப்படாததுமான காரணம் ஒன்று உண்டு. அது கம்ப்யூட்டரின் கடிகாரம். மின்சாரம் இல்லாதபோதும் தேதியையும் நேரத்தையும் காத்துவர, மதர்போர்டில் காசு வடிவமான சிறு பேட்டரி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான மேஜைக் கம்ப்யூட்டர்களில் இது சி.ஆர். 2032 என்னும் இனம். குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர், மின்னழுத்தம் 3 வோல்ட். சில ஆண்டுகளில் இது தீர்ந்துபோகும். தீர்ந்தபின் ஒவ்வொரு முறை மின்சாரத்தை நிறுத்தித் திறக்கும்போதும், கம்ப்யூட்டர் தன் தேதியை மறந்து, தான் செய்யப்பட்ட காலத்தையொட்டிய ஏதோ ஒரு பழைய ஜனவரி முதல் தேதிக்குப் போய்விடும்.

தேதி பிசகினால் மின்னஞ்சல் திறவாமற் போவானேன் என்று கேட்கலாம். சான்று விதை வாங்கும் விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். மூட்டையில் தைத்த அட்டையில் சோதனை செய்த தேதியும் செல்லுபடியாகும் தேதியும் குறிக்கப்பட்டிருக்கின்றன. காலம் கடந்த அட்டையை அவர் ஏற்கமாட்டார். அவ்வாறே மின்னஞ்சல் கம்பெனியின் சர்வரும், தான் மெய்யான சர்வரே என்பதற்கு ஒரு சான்றிதழை ஒவ்வொரு முறையும் காட்டுகிறது. அதில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கம்ப்யூட்டர் இன்றைய தினத்தை 2009-ம் வருஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், இந்த வருஷத்துச் சான்றிதழ் அதற்கு இன்னும் பிறவாத ஒன்றாகத் தோன்றும். ஆகவே அது இணைப்பை மறுத்து, "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற அறிவிப்பைக் காட்டும். அறிவிப்பைப் படித்தவர் வைரஸ் என்று அஞ்சிக் கடைக்காரரிடம் தூக்கிச் செல்லுகிறார். பல சமயங்களில் வேண்டியிருப்பது ஒரு சிறிய பேட்டரி மாத்திரமே.

பேட்டரியை மாற்றுமுன் மின்சாரக் கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். கூட்டல் குறியுள்ள பக்கம் முன்னிருந்தபடியே இருக்குமாறு புதியதைப் பொருத்தித் தேதியையும் நேரத்தையும் சரிசெய்வது போதும். மடிக் கம்ப்யூட்டர்களில் இப்பேட்டரி உள்ளே புதைந்து கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதுண்டு. அதைப் பழக்கமுள்ளவரிடம் விடுதல் உசிதம். நேரத்தோடு நேர மண்டலமும் இந்தியாவுக்கு உரியதாக இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். முகப்பில் காட்டும் மணி சரியாக இருந்தும், மண்டலம் அமெரிக்காவினுடையதாக இருப்பதைப் பல கம்ப்யூட்டர்களில் காணலாம். முப்பது வினாடிக்கொரு முறை மாறும் எண்ணைச் செல்போனில் பார்த்து எழுதி நுழைபவர்கள், அந்தச் செல்போனின் நேரமும் தானாகத் திருத்திக்கொள்ளும்படி அமைந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அதன் கடிகாரம் சில நிமிஷங்கள் பிசகினாலும் எண் ஒவ்வாமற் போகும்.

கடிகாரம் சரியாயிருந்தும் சான்றிதழ் ஏற்கப்படவில்லையெனில், கம்ப்யூட்டரில் உள்ள மூலச் சான்றுகளின் பட்டியல் பழையதாயிருக்கலாம். உலகெங்கும் பல தளங்கள் நம்பியிருந்த மூலச் சான்று ஒன்று 2021-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய சாதனங்கள் பல ஒரே நாளில் இணைப்பை இழந்தன. பயர்பாக்ஸ் என்னும் பிரௌசர் தன் மூலச் சான்றுகளைத் தன்னுடனேயே கொண்டுவருவதால், இத்தகைய கம்ப்யூட்டர்களில் அதைப் பொருத்திப் பார்ப்பது நல்லது.

அடுத்தது பிரௌசரின் வயது. சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே செல்லும் செய்தியைப் பிறர் படியாதவாறு பூட்டும் முறைக்கு டி.எல்.எஸ். என்று பெயர். அதன் பழைய வகைகளான 1.0, 1.1 ஆகிய இரண்டும் 2021-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் முறைப்படி கைவிடப்பட்டன. விண்டோஸ் எக்ஸ்பிக்குச் சொந்தமாயுள்ளது 1.0 வரையில்தான், அதற்கு மைக்ரோஸாப்ட் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடு நின்றன. எக்ஸ்பி ஓடும் கம்ப்யூட்டரில் மின்னஞ்சலைத் திறக்கப் பாடுபடுவது, ஊற்றடைந்த கிணற்றில் பம்பு வைப்பதற்கு ஒப்பாகும். விண்டோஸ் 7-க்கு அவ்வளவு கேடில்லை. அதற்கான திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ந் தேதி முடிவுற்றன. அதில் ஓடக்கூடிய கடைசிக் குரோம் பதிப்பு 109. கடைசிப் பயர்பாக்ஸ் பதிப்பு 115. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைப் பழக்கத்தால் விடாதிருப்போர், அது 2022 ஜூன் 15-ந் தேதியே ஓய்வு பெற்றுவிட்டதை அறிந்து, மேற்கண்ட இரண்டில் ஒன்றுக்கு மாறிக்கொள்வது நலம். இதுவும் சிறிது காலத்துக்கு ஊன்றுகோலேயன்றி நிரந்தரமான பரிகாரமன்று.

பிரௌசரால் அன்றி, அவுட்லுக் 2007, அவுட்லுக் 2010, விண்டோஸ் லைவ் மெயில் முதலிய தனி மென்பொருள்களால் கடிதங்களை எடுத்து வந்தவர்களின் நிலை வேறு. இவை முகவரியையும் கடவுச்சொல்லையும் அப்படியே சர்வரிடம் கொடுத்து உள்ளே செல்பவை. அந்த வழியைக் கூகிள் கம்பெனி தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30-ந் தேதி முதல் அடைத்துவிட்டது. மைக்ரோஸாப்டும் தன் அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16-ந் தேதி அவ்வாறே செய்தது. ஆகையால் கடவுச்சொல் சரியாக இருந்தும், மென்பொருள் திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருக்கும். ஜிமெயில் கணக்குடையோர் இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்திக்கொண்டு, செயலிக் கடவுச்சொல் என்னும் பதினாறு எழுத்துச் சொல் ஒன்றைக் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பெற்று, பழைய மென்பொருளில் வழக்கமான கடவுச்சொல்லுக்குப் பதிலாக அதை எழுதலாம். அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு இந்த உபாயம் உதவாது. பிரௌசரில் திறப்பதோ, புதிய முறையை அறிந்த தண்டர்பேர்டு என்னும் இலவச மென்பொருளுக்கு மாறுவதோதான் வழி. விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசித் தண்டர்பேர்டும் 115-ம் பதிப்பே.

இங்கே அவசரத்தால் பெருநஷ்டம் விளையும். பழைய மென்பொருள்களிற் பல, கடிதங்களைச் சர்வரிலிருந்து இறக்கிக்கொண்டபின் அங்குள்ள பிரதியை நீக்கிவிடும்படி அமைக்கப்பட்டவை. அப்படியாயின், பாங்கிக் கடன் தீர்ந்ததற்கான கடிதமோ, ஐந்து ஆண்டுகளுக்கு முன் உரக் கம்பெனியோடு நடந்த கடிதப் போக்குவரத்தோ உலகத்தில் வேறெங்கும் இராது. அந்தக் கம்ப்யூட்டரின் வட்டில் மாத்திரமே இருக்கும். "கணக்கை நீக்கிவிட்டு மறுபடியும் சேர்த்தால் சரியாகிவிடும்" என்று கடைகளில் சொல்லுவதுண்டு. சில மென்பொருள்களில் கணக்கை நீக்கினால் அதிலுள்ள கடிதங்களும் கூடவே போய்விடும். ஆதலால் எதையும் தொடுமுன் கடிதக் கோப்புகளை, அவுட்லுக்காயின் பி.எஸ்.டி. என முடியும் கோப்பை, ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, அந்த நகல் வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடச் சொல்லுகிறவரிடமும் இந்த வேலை முடிந்த பின்னரே கம்ப்யூட்டரை ஒப்படைக்கலாம்.

மெய்யாகவே கடவுச்சொல் மறந்திருந்தால், ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும் செல்போனிலிருந்து அதை மாற்றுவதே சுலபம். அதுவும் இல்லையெனில், கணக்கில் பதிவான செல்போன் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யே துணை. தொண்ணூறு நாள் உபயோகமின்றிக் கிடக்கும் எண்ணைத் தொலைபேசிக் கம்பெனி நிறுத்திவிடலாம். பின்னர் அது வேறொருவருக்கு அளிக்கப்படுவதும் உண்டு. வெளியூர் சென்ற மகனின் பழைய எண்ணைக் கணக்கில் வைத்திருப்பவர்கள், கணக்கு திறந்திருக்கும்போதே இப்போதைய எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகள் எவ்விதத்திலும் உபயோகியாத தனிநபர் கணக்குகளை நீக்கிவிடும் ஏற்பாட்டைக் கூகிள் 2023 டிசம்பர் முதல் நடத்தி வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. உதவி எண் என்று இணையத்தில் தேடிக் கிடைத்தவரிடம் ஓ.டி.பி.யைச் சொல்லுவதோ, அவர் தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க இடங்கொடுப்பதோ கூடாது. ஏமாந்து பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

கிராம அலுவலகங்களில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் உபயோகிப்பதால், ஒருவர் கணக்கு திறந்திருக்க, மற்றொருவர் தம் கடவுச்சொல்லை அதே முகவரிக்கு எழுதித் திகைப்பதும் நிகழ்கிறது. பிரௌசரைக் கடவுச்சொல்லைச் சேமிக்க விடாமல், வேலை முடிந்ததும் வெளியேறுவதே பொதுக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற வழக்கம்.

கம்ப்யூட்டரைத் தூக்கியெறிய மனமில்லாதவர்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. விண்டோஸ் 10-க்குரிய இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ந் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐயோ இத்தகைய பழைய கம்ப்யூட்டர்கள் ஏற்பதில்லை. ஆனால் 64 பிட் பிராசஸரும் 4 ஜி.பி. நினைவகமும் உள்ளவற்றில் லினக்ஸ் மின்ட் என்னும் இலவச அமைப்பைப் போட்டுப் புதிய பிரௌசருடன் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கச் செய்யலாம்.

மின்னஞ்சல் திறந்தவுடன் மறவாமற் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. இருபடிச் சரிபார்ப்பு உள்ள கூகிள் கணக்குகளில், செல்போன் கைவசமில்லாத காலத்துக்கென்று பத்து மாற்று எண்கள் தரப்படுகின்றன. ஒவ்வொன்றும் எட்டு இலக்கம் உள்ளது, ஒரே முறை மட்டும் செல்லும். அவற்றைக் காகிதத்தில் எழுதிப் பட்டா, கிரயப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியிலேயே வைக்கலாம். புதிய பட்டியல் எடுத்தால் பழையது அக்கணமே செல்லாததாகிவிடும். ஆகையால் பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டே புதியதைப் பெட்டியில் வைத்தல் வேண்டும்.