பச்சைக்கு எத்தனை ஓரம்?

பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால், பச்சைத் தாளில் மீன்முள்ளை வரைந்து வைத்ததுபோல் இருக்கும். 1984இல் பிஆர்-364 நெடுஞ்சாலைக்குத் தார் போட்டு முடித்தார்கள். அதிலிருந்து சில கிலோமீட்டருக்கு ஒரு கிளைச்சாலை; அதன் இருபுறமும் காட்டை அழித்து மேய்ச்சல் நிலம். வெளிறிய இந்தக் கோடுகள் ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடுகின்றன. அங்கே தொடங்குவது பைத்தர் சுருயி பழங்குடியினரின் நிலம். பரப்பு ஏறக்குறைய 2,480 சதுர கிலோமீட்டர். சட்டம் போட்ட எல்லைக்கோடு விண்வெளியிலிருந்தே தெரிகிறது!

உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வெறும் தரை அப்படிச் செய்வதில்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் இந்த வித்தியாசத்தை 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டம் கட்டமாக அளக்கிறது. காடு என்றால் 1, இல்லையென்றால் 0. ஒட்டியிருக்கும் 1களைச் சேர்த்தால் ஒரு துண்டு.

எவ்வளவு காடு போனது என்பதோடு கணக்கு முடிவதில்லை. மிஞ்சிய காடு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. வெயிலும் வறண்ட காற்றும் ஓரத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உள்ளே புகுவதாக வைத்துக்கொள்வோம். 100 ஹெக்டேர் சதுரக் காட்டில் 64 ஹெக்டேர் பாதிப்பில்லாத உட்காடாக இருக்கும். அதே 100 ஹெக்டேரைப் பத்துச் சதுரங்களாகப் பிரித்துவிட்டால் எல்லாம் சேர்த்து 14 ஹெக்டேர்கூடத் தேறாது. ஒரு ஹெக்டேர் சதுரத்தில் உட்காடு என்று ஒன்றுமே கிடையாது, அத்தனையும் ஓரம்தான். இது வெறும் காகிதக் கணக்கல்ல. மனாவுஸ் நகருக்கு அருகே 1979இல் சூழலியலாளர் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிய ஆய்வு, இதே 1, 10, 100 ஹெக்டேர் அளவுகளில் காட்டுத் துண்டுகளைத் தனிமைப்படுத்திப் பார்த்தது. ஓரங்களில் பெருமரங்கள் சாய்ந்தன. அடர்நிழலில் வாழும் பறவைகள் மறைந்தன.

மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கும் குறைகள் உண்டு. மழைக்காட்டின் மேல் அடிக்கடி மேகம். அதை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ராடார் செயற்கைக்கோள் 2014இல் மேலே போனது. விலையுயர்ந்த மரங்களை மட்டும் பொறுக்கி வெட்டினால் கவிகை சீக்கிரமே மூடிக்கொள்ளும். மரக்கட்டை ஏற்றிய லாரி போகும் தடமோ ஒரு கட்டத்தைவிடக் குறுகியது. அதை நடந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

சுருயி தலைவர் அல்மிர் 2007இல் கூகுள் நிறுவனத்தாரைச் சந்தித்து உதவி கேட்டார். அதன்பின் அவருடைய மக்கள் ஜிபிஎஸ் உள்ள கைப்பேசியோடு காட்டில் நடந்து, வெட்டப்பட்ட இடங்களைப் படமெடுத்து வரைபடத்தில் ஏற்றினார்கள். காப்பாற்றிய காட்டுக்கு ஈடாகக் கார்பன் கிரெடிட்டும் விற்றார்கள். ஆனால் மரம் வெட்டுவோரும் வைரம் தேடுவோரும் விடாமல் உள்ளே புகுந்ததால் 2018இல் அந்தத் திட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. இத்தனைக்கும், வெட்டு விழுந்த இடங்கள் வரைபடத்தில் இருந்தன. தடுக்க வேண்டிய அரசுதான் போதிய வேகத்தில் வரவில்லை.