வீடும் வேண்டும், வீதி உலாவும் வேண்டும்

கடந்த ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைத் தரிசிக்கச் சென்றிருந்தேன். பெரம்பலூரிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருத்தலம் அது. என் தங்கை மகனும் அவன் மனைவியும் உடன் வந்தார்கள். பெரம்பலூரில் ஒரு வீடு அவர்களுக்குப் பிடித்திருந்தது. முன்பணம் கொடுக்குமுன் அம்மனிடம் உத்தரவு கேட்க வந்திருந்தனர்.

மாவிளக்கு ஏற்றி, தரிசனம் முடிந்து மண்டபத்தில் அமர்ந்தபோது அவன் மெல்லக் கேட்டான்:

“மாமா, சொந்த வீடு வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் கேதார்நாத், பத்ரிநாத், நாடு முழுவதும் உள்ள தலங்கள் எல்லாம் பார்க்கவும் ஆசை. இருபது வருடத் தவணை என்றாலே காலில் சங்கிலி பூட்டியதுபோல் இருக்கிறது. வாடகை வீட்டிலேயே இருந்துவிடலாமா?”

வங்கிப் பணியில் எத்தனையோ வீட்டுக் கடன் மனுக்களைப் பரிசீலித்திருக்கிறேன். வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு என்று கேட்டவர்களே எல்லோரும். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. சற்று நேரம் பேசாமல் சந்நிதியை நோக்கினேன். விடை அங்கேயே இருந்தது.

இரு நாள் ஊரில், மற்ற நாள் மலையில்

சிறுவாச்சூரில் ஆதியில் குடிகொண்டிருந்தவள் செல்லியம்மன் என்கிறது தல வரலாறு. மந்திரவாதி ஒருவன் தன் மந்திர வலிமையால் அவளைக் கட்டுப்படுத்தித் துன்புறுத்தி வந்தான். அக்காலத்தில் மதுரையிலிருந்து வந்த காளி, அங்கே ஓரிரவு தங்க இடம் கேட்டாள். செல்லியம்மன் தன் துயரைச் சொல்ல, காளி அந்த மந்திரவாதியை அழித்தாள். நன்றி பெருகிய செல்லியம்மன், அந்தத் தலத்தையே காளிக்கு அளித்துவிட்டு அருகிலுள்ள பெரியசாமி மலைக்குச் சென்றாள். இன்றும் பூசையின்போது மலையை நோக்கி முதலில் தீபம் காட்டிய பின்னரே மதுரகாளிக்குக் காட்டுவது வழக்கம்.

தங்க இடம் கேட்டு வந்தவளுக்குச் சொந்த இடம் கிடைத்தது. ஆயினும் அவள் ஏழு நாளும் அதற்குள்ளேயே அமர்ந்துவிடவில்லை. திங்கள், வெள்ளி ஆகிய இரு நாள்களில் ஊரில் இருந்து அருள்பாலிக்கிறாள். மற்ற நாள்களில் மலையில் செல்லியம்மனுடன் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. அதனால்தான் விசேட நாள்கள் நீங்கலாக, திங்களும் வெள்ளியும் மட்டுமே கோயில் நடை திறக்கிறது.

“பார்த்தாயா மாப்பிள்ளை! வீடு அவளைக் கட்டிப்போடவில்லை. மலைக்குப் போகிறாள் என்பதற்காக அவள் வீட்டை விட்டுவிடவும் இல்லை. நாள் தவறாமல் திரும்பி வருகிறாள்” என்றேன்.

நான் செய்த பிழை

இதைச் சொல்லும் தகுதி எனக்குப் பிழை செய்தே வந்தது. 1994-ஆம் ஆண்டு அரியலூரில் கடன் பெற்று வீடு கட்டினேன். கீழ்த்தளமே எங்கள் குடும்பத்துக்குப் போதுமானது. ஆயினும் நாலு பேர் மெச்ச வேண்டும் என்னும் எண்ணத்தில் மேலும் கடன் வாங்கி மாடியும் எழுப்பினேன்.

என் தாயார் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஒரு தடவை காசிக்குக் கூட்டிக்கிட்டுப் போப்பா.”

“இந்தத் தவணை முடியட்டும் அம்மா” என்று ஒவ்வோர் ஆண்டும் சொன்னேன். பணி மாறுதலில் ஊர் ஊராகச் சென்று நான் வாடகை வீட்டில் வாழ்ந்தேன். என் மாடி பூட்டிக் கிடந்தது. 2003-இல் தாயார் காலமானார். தவணை முடிய அப்போது இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

இன்று எண்ணிப் பார்க்கையில், அவரைக் காசிக்கு அழைத்துச் செல்லவிடாமல் தடுத்தது வீடு அன்று. தேவைக்கு மேல் கட்டிய அந்த மாடியே தடுத்தது.

புதுமணத் தம்பதியின் ஏழூர் உலா

இல்லறமும் பயணமும் பகையல்ல என்பதைக் காட்டும் விழா ஒன்று நம் அரியலூர் மாவட்டத்திலேயே நிகழ்கிறது. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில், பங்குனி மாதத்தில் நந்தியம்பெருமானுக்கும் சுயசாம்பிகை தேவிக்கும் திருமணம் நடைபெறுகிறது. திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் எழுந்தருளி அதை நடத்திவைக்கிறார்கள்.

திருமணம் முடிந்தபின், சித்திரையில் சப்தஸ்தான விழா. ஐயாறப்பரும் அம்பிகையும் கண்ணாடிப் பல்லக்கிலும், நந்திதேவர் தம்பதியர் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் புறப்படுகிறார்கள். திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்று ஏழூர்களும் சுற்றி மீண்டும் திருவையாற்றுக்கே வந்து சேர்கிறார்கள்.

மணம் முடித்தவர்கள் முதலில் உலகைக் காணப் புறப்படுகிறார்கள். பின்பு இல்லம் திரும்புகிறார்கள். நம் ஆலயங்களின் அமைப்பும் இதுதானே? மூலவர் நிலைத்திருக்கிறார்; உற்சவர் வீதி உலா செல்கிறார். கருவறை இருப்பதால் உலா நின்றுவிடுவதில்லை.

கணக்கும் பார்ப்போம்

பக்தி சொன்ன வழியைக் கணக்கிலும் சோதித்தோம். மருமகனுக்கு நாற்பது இலட்சம் வரை கடன் தர வங்கி இசைந்திருந்தது. எட்டரை சதவீத வட்டியில், இருபது ஆண்டுகளுக்கு, மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். கடனை முப்பது இலட்சமாகக் குறைத்தால் தவணை சுமார் 26,000. வேறுபாடு ஆண்டுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேல். அவன் கேட்ட யாத்திரைச் செலவு அதுவேதான்!

வாசகர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். உங்களால் எவ்வளவு திருப்பிச் செலுத்த இயலும் என்பதைத்தான் வங்கி கணக்கிடுகிறது. எவ்வளவு கடன் வாங்கினால் நிம்மதியாக வாழலாம் என்பதை நீங்களே கணக்கிட வேண்டும்.

தனிநபர் மாறும் வட்டியில் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மேற்சொன்ன முப்பது இலட்சக் கடனில், ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகச் செலுத்தி வந்தால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே கடன் தீரும். வாங்குமுன் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்ப்பதும் அவசியம்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் வேலையில் இருப்போர் வாடகை வீட்டில் வாழ்வதிலும் குறையேதும் இல்லை. அவசரப்பட்டுக் கட்டிப் பூட்டிவைப்பதைவிட அதுவே நலம் என்பதை என் மாடி எனக்குக் கற்பித்தது.

கங்கை வந்த ஊர்

தந்தையின் தலைநகரான தஞ்சையை விட்டு, நம் பகுதியில் புதிய தலைநகரை எழுப்பினான் முதலாம் இராசேந்திரன். வடதிசை சென்ற அவன் படை கங்கை நீரைக் கொண்டுவந்தது. சோழகங்கம் என்னும் ஏரி அந்த வெற்றியின் அடையாளமாயிற்று. கங்கைகொண்ட சோழபுரம் என்னும் பெயரிலேயே நெடும்பயணமும் நிலைத்த ஊரும் சேர்ந்திருக்கின்றன.

பணி ஓய்வுக்குப் பின் நானும் மனைவியும் காசிக்குச் சென்று வந்தோம். கொண்டுவந்த கங்கைச் சொம்பு, கீழ்த்தளத்துப் பூசையறையில் தாயாரின் படத்துக்கு அருகில் இருக்கிறது. அவர் நீராட வேண்டிய கங்கை சொம்புக்குள் அடங்கிவிட்டதே என்று அதைக் காணும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

இதை மருமகனிடம் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அவனிடமிருந்து தொலைபேசி வந்தது.

“மாமா, அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சிறியதாக வேறொன்று பார்த்திருக்கிறோம். முப்பது இலட்சம் கடன் போதும். வைகாசியில் கேதார்நாத் போகிறோம். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறோம்.”

மறுவாரமே சிறுவாச்சூர் சென்று அம்மனுக்கு மாவிளக்கு ஏற்றி வந்தேன்.