தொட்டியில் வளரும் அதிசயப் பழம்

நெசவை நம்பி வாழும் நம் குடும்பங்களிற் பலவற்றிற்கு நிலம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சென்ட்டும் இராது. தறிக்குழி அமைந்த கூடமும், பாவு ஓட்டுகின்ற தெருவும், நூல் உலர்த்துகின்ற மொட்டைமாடியுமே நமது உடைமை. ஆயினும் செடி வளர்க்கும் ஆசை நிலமுடையோர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு தொட்டியும், நாள்தோறும் கால்மணி நேரமும் இருப்பின், வெப்பநாடுகளின் அரிய பழச்செடிகளிற் சிலவற்றை நாமும் வளர்க்கலாம். அவற்றுள் ஒன்றை ஐந்தாண்டுகளாகப் பேணி, இப்பொழுது முதற் பழத்தை எதிர்நோக்கியிருக்கும் என் அனுபவத்தை உறுப்பினர்கள் முன் வைக்கின்றேன். என் வெற்றியைக் காட்டிலும் என் தவறுகளே பிறர்க்கு மிகுதியும் பயன்படும் என்பது என் எண்ணம்.

பழத்தின் இயல்பு

நான் வளர்ப்பது, அதிசயப் பழம் என்றும் மிராக்கிள் புரூட் என்றும் வழங்கும் செடி. மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளே அதன் பிறப்பிடம். எனினும் நமக்கு முற்றிலும் அயலானதன்று. நம் ஊர் இலுப்பை, மகிழம், பாலை, சப்போட்டா ஆகியவை சேர்ந்த குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. பழம் சிவப்பாக, ஓர் அங்குலத்திற்கும் சற்றுக் குறைந்த நீளமுடையதாக இருக்கும். உள்ளே ஒரே விதை. அதைச் சுற்றி மெல்லிய சதை. தின்றால் பெரிய சுவை ஒன்றுமில்லை. ஆனால் அச்சதையை நாவெங்கும் படுமாறு சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர் எலுமிச்சையையோ மாங்காயையோ கடித்தால், புளிப்பு மாறி இனிக்கும். அவ்வினிமை அரைமணி நேரமும், சிலர்க்கு அதற்கு மேலும் நிற்கும்.

1725ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவிற்குச் சென்ற டே மார்ஷே என்னும் பிரெஞ்சுப் பயணி, அந்நாட்டு மக்கள் புளித்த உணவை உண்ணுமுன் இப்பழத்தை மெல்லுவதைக் கண்டு எழுதினார். இதற்குக் காரணமான புரதப்பொருளை 1968இல் அறிவியலார் பிரித்தெடுத்தனர். அதற்கு மிராக்குலின் என்று பெயர். அது தானே இனிப்பதன்று. நாவில் இனிப்பை உணரும் இடங்களிற் பற்றிக்கொண்டு, புளிப்பு வந்து சேரும்பொழுது அவ்விடங்களைத் தூண்டுகிறது. சூடு பட்டால் அதன் ஆற்றல் அழிந்துவிடும்; ஆதலின் சமைத்துப் பயனில்லை. பறித்த பழமும் இரண்டு மூன்று நாட்களிற் கெட்டுப்போகும்.

நான் இதனை விரும்பியதற்கு என் அன்னையே காரணம். நாற்பதாண்டு தறியில் அமர்ந்தவர். நீரிழிவு கண்டு ஒன்பது ஆண்டுகளாக இனிப்பைத் தொடவில்லை. ஒருநாள் வீட்டிற் பாயச வாசனை எழுந்தபொழுது, அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். அதன் பின்னர்தான் கேரளத்திலிருந்த உறவினர் ஒருவரிடம் சொல்லி ஆறு விதைகள் வருவித்தேன்.

முதல் இரண்டு ஆண்டுகள்

இதன் விதை காய்ந்தால் முளைக்காது. சதையைக் கழுவி நீக்கியவுடன் ஊன்றிவிட வேண்டும். என் விதைகளிற் சில ஈரத்துணியில் சுற்றியபடியே சில நாட்கள் கிடந்தமையால் நான்கு மட்டுமே முளைத்தன. அதற்கும் ஒரு மாதத்திற்கு மேலாயிற்று. முளைத்த பின்னும் வளர்ச்சி மிக மெதுவே. ஓராண்டு முடிவில் ஒரு சாண் உயரமும் எட்டவில்லை.

இரண்டாம் ஆண்டில் தளிர்கள் வெளிறத் தொடங்கின. நரம்புகள் மட்டும் பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாயிற்று. உரம் போதவில்லை என்று கருதி மேலும் மேலும் இட்டேன். இலை நுனிகள் கருகின. மூன்று கன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன.

எஞ்சிய ஒன்றையும் இழக்கும் தறுவாயில், எங்கள் தெருவிற் சாயத்தொழில் செய்யும் மாமா ஒருவர் மாடிக்கு வந்தார். செடியை அவர் நோக்கவில்லை. தொட்டியின் விளிம்பில் வெண்மையாகப் படிந்திருந்த உப்பை நகத்தாற் சுரண்டினார்.

"தம்பி, இந்த நீரில் நான் நூலைக்கூட நனைக்க மாட்டேன். சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். இதையா செடிக்கு வார்க்கிறாய்?" என்றார்.

அந்த ஒரு சொல்லே என் கண்ணைத் திறந்தது. இச்செடி புளிப்புத்தன்மையுள்ள மண்ணில், அதாவது பிஎச் அளவு நாலரையிலிருந்து ஆறுக்கு உட்பட்ட மண்ணில், வாழ்வது. எங்கள் ஆழ்குழாய் நீரோ சுண்ணாம்பும் உப்பும் மிக்கது. அந்நீரை வார்க்க வார்க்க மண்ணின் புளிப்பு மாறிற்று. மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் அதை ஈர்க்க இயலாதாயிற்று. பசியன்று நோய், உண்ண முடியாமையே நோய். அதன்மேல் உரமிட்டது, உப்பின்மேல் உப்பிட்டதாக முடிந்தது.

நீரும் மண்ணும்

ஆதலின் இத்தகைய செடி வளர்க்க விரும்புவோர், விதை தேடுமுன் தம் நீரை அறிந்துகொள்வது நலம். மாவட்டத்து மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் ஆய்ந்து தருகின்றனர். நீர் கடினமாயின் மழைநீரே மருந்து. மாடியில் விழும் மழையை ஒரு பீப்பாயிற் பிடித்து மூடிவைத்தால் ஒரு தொட்டிக்குப் பல மாதங்களுக்குப் போதும். நான் அவ்வாறே செய்து வருகிறேன்.

தொட்டி சுட்ட மண்ணாலோ பிளாஸ்டிக்காலோ ஆனதாக இருக்கட்டும். புதிய சிமெண்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியுமாதலால் அது ஆகாது. அடியில் நீர் வடியும் துளைகள் நன்கு அமைய வேண்டும். நன்றாகக் கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு என்ற கலவை எனக்கு ஒத்துவந்தது. மண்ணில் சில துளி வினிகரை விட்டு நுரைத்தால், அதிற் சுண்ணாம்பு உண்டென அறிந்து ஒதுக்குக.

வெளிறிய இலைக்கு அன்னபேதி உதவும். நூலுக்குக் கறுப்பேற்றச் சாயக்காரர் வழிவழியாகக் கையாண்ட அதே அன்னபேதிதான். ஒரு லிட்டர் மழைநீரில் இரண்டரை கிராம் கரைத்து, எலுமிச்சை உப்பு ஒரு சிட்டிகை சேர்த்து, மாலையில் இலைமீது தெளித்தேன். பத்து நாட்களுக்கொருமுறை மூன்று தடவை தெளித்ததும் புதுத்தளிர்கள் பச்சையாகவே விரிந்தன. சித்திரை, வைகாசி வெயிலில் நிழல்வலையின் கீழ் வைத்தல் இன்றியமையாதது.

பூவும் காத்திருப்பும்

விதையிலிருந்து வளர்ந்த செடி சாதாரணமாக மூன்று நான்கு ஆண்டுகளிற் காய்க்கும். என் செடி, பட்ட துன்பத்தால், நான்காம் ஆண்டில்தான் பூத்தது. வெண்ணிறச் சிறு பூக்கள் கிளையை ஒட்டி அரும்பின. அவ்வேளையில் உறவினர் திருமணத்திற்காக நான்கு நாட்கள் வெளியூர் சென்றேன். திரும்பி வந்தபொழுது தொட்டி காய்ந்து, பூக்கள் யாவும் உதிர்ந்து கிடந்தன. தொட்டிச் செடிக்குத் தானே நீர் தேடிக்கொள்ள வழியில்லை என்பதை மறந்ததன் பலன் அது. அன்னை, "அடுத்த தடவை நீ போ, நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் கூறினார்.

இவ்வாண்டு மீண்டும் பூத்தது. காலையில் நீர் வார்க்கும் பொறுப்பை அன்னையே ஏற்றுக்கொண்டார். பூத்த நாட்களிற் செடியை மெல்ல அசைத்துவிட்டோம். மகரந்தம் சேர அது உதவும். இப்பொழுது ஏழு காய்கள் நிற்கின்றன. பூவிலிருந்து பழம் சிவக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதில் இரண்டு மாதம் கழிந்துவிட்டது. அணிலுக்கும் கிளிக்கும் அஞ்சிக் கொசுவலைத் துண்டால் மூடியிருக்கின்றோம்.

இது மருந்தன்று என்பதை இங்குச் சொல்லியாக வேண்டும். நீரிழிவை இப்பழம் தீர்க்காது. நாவிற்கு இனித்தாலும் எலுமிச்சையின் புளிப்பு வயிற்றிலும் பல்லிலும் புளிப்பாகவே வேலைசெய்யும். அளவறிந்து உண்ண வேண்டும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்ட பின்னரே அன்னைக்குத் தரவிருக்கின்றேன். வருமானத்திற்குரிய பயிரும் இஃதன்று. விரைவிற் கெடும் பழத்தை ஒரு தொட்டியிலிருந்து சந்தைக்கு அனுப்ப இயலாது. அடுத்த மாதமே காய்க்கும் என்று கூறிக் கன்று விற்போரும் உளர். பூத்த செடியைக் கண்ணாற் கண்டாலன்றி அதிக விலை கொடுக்க வேண்டா.

ஆயினும், அரிய செடிகளை வளர்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். செடி வாடினால் உடனே உரத்தைத் தேடாதீர்கள். அது எந்நாட்டில், எம்மண்ணில், எந்நீரிற் பிறந்தது என்று முதலிற் கேளுங்கள். விடை பெரும்பாலும் நம் தெருவிலேயே, நீரோடு நாள்தோறும் பழகுவோரிடம் கிடைக்கும்.

ஏழு பழங்களில் முதலாவது அன்னைக்கு. இரண்டாவது சாயக்கார மாமாவிற்கு. எஞ்சியவற்றின் விதைகளை, காயுமுன், கேட்கும் உறுப்பினர்க்குத் தருவதாக இருக்கின்றேன். தொட்டியையும் மழைநீரையும் முன்னரே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.