'வெல்' என்றால் கிணறா?

"ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆட வருகிறாயா?" என்று நண்பர் ஒருவர் உங்களை ஆங்கிலத்தில் கேட்கிறார். திங்களன்று உங்களுக்குத் தேர்வு. 'வெல்...' என்று தொடங்குகிறீர்கள். மீதி வாக்கியம் வருமுன்பே, நீங்கள் மறுக்கப் போவதை அவர் ஊகித்துவிடுகிறார்! அகராதியில் 'வெல்' என்பதற்குக் கிணறு என்றும், நன்றாக என்றும் பொருள் உண்டு. இங்கே இரண்டும் பொருந்தவில்லை. பின் அந்தச் சொல் என்ன வேலை செய்தது?

முதலில் வேறொன்றைப் பார்ப்போம். ஒருவர் கேட்டு முடித்தபின் மற்றவர் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகிறது? பத்து மொழிகளில் இதை அளந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியாயிற்று. சராசரி இடைவெளி சுமார் 200 மில்லி விநாடி. அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு! ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்குச் சுமார் 600 மில்லி விநாடி ஆகிறது. எனவே, பிறர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் மூளை பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது எனலாம்.

புதிதாகக் கற்கும் மொழியில் இந்தத் தயாரிப்பு மெதுவாகவே நடக்கும். பதில் தாமதமானால், கேட்டவர் 'விருப்பமில்லை போலும்' அல்லது 'விடை தெரியவில்லை போலும்' என்று எண்ணிவிடுவார். நன்கு படித்த மாணவர் நேர்முகத் தேர்வில் பின்தங்க இதுவும் ஒரு காரணமாகலாம் அல்லவா? அப்போது 'லெட் மீ சீ' என்ற மூன்று சொற்கள், 'யோசிக்கிறேன், சற்றுப் பொறுங்கள்' என்று அறிவித்துவிடும்.

இத்தகைய இணைப்புச் சொற்களை ரயில் பாதையின் கைகாட்டிகளுக்கு ஒப்பிடலாம். அவை சரக்கை ஏற்றிச் செல்வதில்லை. வருவது என்ன என்று காட்டுகின்றன. 'வெல்' என்றால், எதிர்பார்த்த நேரான பதில் வராமல் போகலாம். 'பை தி வே' என்றால், பேச்சு வேறு பாதைக்குத் திரும்புகிறது. 'எனிவே' என்றால், விட்ட இடத்துக்குத் திரும்புகிறது, அல்லது முடியப் போகிறது. 'ஆக்சுவலி' என்றால், பெரும்பாலும் நீங்கள் நினைத்ததற்கு மாறான செய்தி வருகிறது.

தமிழிலும் நாம் இதைத்தான் செய்கிறோம். மறுக்கத் தயங்கினால் "அது வந்து..." என்று இழுக்கிறோம். "அது கிடக்கட்டும்" என்று பேச்சை மாற்றுகிறோம். ஆகவே சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காமல், அது செய்யும் வேலையைக் கவனித்துக் கற்பதே சரியான வழி.

இரண்டு எச்சரிக்கைகள். 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' போன்றவை கட்டுரைக்கு உரியவை. நண்பரிடம் பேசும்போது அவை மேடைப் பேச்சுப் போல் ஒலிக்கும். அடுத்து, வாக்கியந்தோறும் 'ஆக்சுவலி' சொல்ல வேண்டாம். எப்போதும் இறங்கியே இருக்கும் கைகாட்டியை யார் கவனிப்பார்கள்?

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். வானொலியிலோ தொலைக்காட்சியிலோ ஓர் ஆங்கிலப் பேட்டியை ஐந்து நிமிடம் கேளுங்கள். 'வெல்' வரும்போதெல்லாம் அதற்கு முன் கேட்ட கேள்வியையும், பின் வந்த பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள். அகராதி சொல்லாத பொருளை உங்கள் குறிப்பேடு சொல்லும்!